ஸ்விஃப்டுக்கு 17 இன்ச் போட்டு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகலாமா?

காட்பாடிக்காரன் · ஏப்ரல் 6, இரவு 9:40

2019 ஸ்விஃப்ட் பெட்ரோல். கம்பெனி டயர் 185/65 ஆர்15. வருஷத்துக்கு ரெண்டு இல்ல மூணு டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் தடத்துல ஓட்டுற நாள்). மத்த நாள் எல்லாம் காட்பாடி, பாகாயம், எப்பவாவது சென்னை. 205/45 ஆர்17 போட்டா கார்னர்ல கம்முனு நிக்கும்னு சொல்றாங்க. கடைல 7 இன்ச் அகலம், ஈடி38 ரிம் காட்டினாங்க. வெளி விட்டம் ஒண்ணுதான், ஸ்பீடோமீட்டர் மாறாதுன்றாங்க. போடலாமா?

வாலாஜா · ஏப்ரல் 6, இரவு 11:15

விட்டம் பத்தி கடைல சொன்னது சரி. 185/65 ஆர்15-ல 185 அகலம் மிமீ, 65 அந்த அகலத்துல சுவர் உயரம் எத்தனை சதவீதம்ங்கிறது, 15 ரிம் இன்ச். கணக்கு: ரிம் இன்ச்சை 25.4-ஆல பெருக்கு, ரெண்டு பக்கத்து சுவர் உயரத்தையும் கூட்டு. 185/65 ஆர்15 = 381 + 240.5 = 621.5 மிமீ. 205/45 ஆர்17 = 431.8 + 184.5 = 616.3 மிமீ. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்ல.

சொல்லாம விட்டதுதான் பிரச்சனை. சுவர் உயரம் 120 மிமீ-லேருந்து 92-க்கு இறங்குது. டிராக்ல அது நல்லதுதான், ஸ்டீயரிங் திருப்பின உடனே பதில் வரும். ஆனா டிராக்குக்கு வேலூர்லேருந்து சுமார் 100 கிலோமீட்டர் அதே டயர்ல போய், அதே டயர்ல திரும்பணும். மழைக்கு அப்புறம் சர்வீஸ் ரோட்டுல ஒரு பள்ளம் போதும், 45 சுவர் ரிம் விளிம்புல நசுங்கி உள்ள இருக்கிற நூல் அறுந்துடும். ரெண்டு நாள் கழிச்சு பக்கத்துல முட்டை மாதிரி வீங்கும். அந்த டயரை ஒட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்தது எடை. விலை குறைஞ்ச வார்ப்பு அலாய் 17 இன்ச்னா கம்பெனி 15-ஐ விட ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு கிலோ கூட வரும். அதுவும் கூடுற எடை எல்லாம் வெளி விளிம்புல. 1.2 லிட்டர் எஞ்சின் அதைச் சுத்தணும், பிரேக் அதை நிறுத்தணும். கார்னர்ல கிடைக்கிறதை நேர்ரோட்டுல திருப்பிக் கொடுத்துடுவீங்க.

ஈடி38 கணக்கையும் பாருங்க. ஈடின்னா ரிம்மோட நடுக்கோட்டுலேருந்து, ஹப்புல (வண்டில சக்கரம் மாட்டுற இடம்) உட்காருற முகம் எத்தனை மிமீ தள்ளி இருக்குங்கிற அளவு; அது குறைஞ்சா சக்கரம் வெளிய தள்ளும். இப்ப இருக்கிறது 5.5 இன்ச், ஈடி45-ன்னு வெச்சுக்குவோம் (உங்க ரிம் பின்பக்கம் அச்சு இருக்கும், அதைப் பாருங்க). 7 இன்ச் போட்டா அகலம் 38 மிமீ கூடுது, பாதி 19. ஈடி 7 குறையுது. வெளிப்பக்கம் 19 + 7 = 26 மிமீ வெளிய வரும். உள்பக்கம் 19 – 7 = 12 மிமீ உள்ள போகும். பின் சீட்டுல மூணு பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறினா ஃபெண்டர் டயரை வழிச்சுடும். சக்கரம் வெளிய தள்ளுறதால பேரிங்குக்கும் பாரம் கூடும்.

என் யோசனை: 15 இன்ச்லயே இருங்க. 6 இல்ல 6.5 இன்ச் அகல ரிம், 195/55 ஆர்15, நல்ல ரப்பர். பிரேக் காலிப்பர் இடிக்காத அளவுக்கு எது சின்ன ரிம்மோ அதுதான் டிராக்குக்கு நல்ல ரிம்.

குடியாத்தம் · ஏப்ரல் 7, காலை 7:05

வாலாஜா அண்ணா, 17 பத்தி நீங்க சொன்னது எல்லாம் சரி. 195/55 ஆர்15-தான் இடிக்குது. 595.5 மிமீ, அதாவது 4.2 சதவீதம் குறைவு. கார் 13 மிமீ தரையைப் பார்த்து இறங்கும். மீட்டர்ல 100 காட்டும்போது நிஜத்துல இப்ப ஓடுறதை விட நாலு கிலோமீட்டர் குறைவு. கியர் சுருங்குறதால டிராக்ல இழுவை வரும், ஒத்துக்கிறேன். ஆனா ஹைவேல எஞ்சின் எப்பவும் கத்திக்கிட்டே ஓடும்.

இன்னொண்ணு லோடு இண்டெக்ஸ், அதான் டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற எண். கம்பெனி டயர் 88, ஒரு டயருக்கு 560 கிலோ. 195/55 ஆர்15 வழக்கமா 85, அதாவது 515 கிலோ. அந்த சைஸ் போலோவுக்கு சரியா வரும். அதோட ஸ்டாக் 185/60 ஆர்15, 603 மிமீ.

வாலாஜா · ஏப்ரல் 7, மதியம் 1:30

சரிதான். போலோ கணக்கு தலைல இருந்தது, ஸ்விஃப்ட் மேல எழுதிட்டேன். 195/55 ஆர்15-ஐ அடிச்சுடுங்க.

மாத்துறேன்: 195/60 ஆர்15. 381 + 234 = 615 மிமீ, ஒரு சதவீதம்தான் குறைவு. லோடு இண்டெக்ஸ் 88 கிடைக்கும். ரிம் 5.5-லேருந்து 7 இன்ச் வரைக்கும் ஏத்துக்கும், 6 இன்ச்ல அழகா உட்காரும். ஃபியட் புன்டோ, லீனியாவுக்கு வந்த சைஸ்.

காட்பாடிக்காரன் · ஏப்ரல் 7, இரவு 8:20

10 மிமீ அகலம் கூடினா போதுமா? 205 போட்டா இன்னும் நல்லா பிடிக்காதா?

குடியாத்தம் · ஏப்ரல் 7, இரவு 9:00

அகலத்தை ரிம்மைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும், ஆசையைப் பார்த்து இல்ல. குறுகலான ரிம்ல அகல டயர் மாட்டினா ரெண்டு பக்கச் சுவரும் பலூன் மாதிரி வெளிய வளையும். கார்னர்ல டயர் பக்கவாட்டுல சாயும், ஸ்டீயரிங் ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்லும். 5.5 இன்ச் ரிம்ல 205-ஐ விட 6.5 இன்ச் ரிம்ல 195 வேகமா இருக்கும்.

பைக்லயும் இதே கதைதான். ஆர்சி 390-ல பின்னாடி 150/60-க்குப் பதில் 160 போடுறாங்க. ரிம் 4 இன்ச்தான். டயர் குவிஞ்சு நடுவுல கூர்ப்பா நிக்கும், விளிம்பு ரப்பர் ரோட்டைத் தொடவே தொடாது. பார்க்க மட்டும் பெரிய வண்டி மாதிரி இருக்கும்.

சத்துவாச்சாரி · ஏப்ரல் 8, காலை 10:10

இன்னா ப்ரோ இவ்ளோ கணக்கு. அரக்கோணம் எம்ஆர்எஃப் ஃபேக்டரி வாசல்ல போய் நின்னா ஸ்லிக், அதான் ரேஸ்ல போடுற வழவழ டயர், குடுக்க மாட்டாங்களா? இல்லனா நம்ம பழைய டயரே பட்டன் தேஞ்சு மொட்டையாத்தான் கீது, அதுவும் ஸ்லிக்தானே?

வாலாஜா · ஏப்ரல் 8, மதியம் 2:45

சிரிச்சுட்டேன். ஆனா கேள்வில விஷயம் இருக்கு.

மொட்டை டயர் ஸ்லிக் ஆகாது. ஸ்லிக்ல வேலை செய்றது பட்டன் இல்லாதது மட்டும் இல்ல, மேல இருக்கிற மிருதுவான ரப்பர் கலவை. தேஞ்ச ரோடு டயர்ல மிச்சம் இருக்கிறது பல தடவை சூடேறி ஆறி இறுகின ரப்பர், அதுக்கும் கீழ அடிப்படலம், அதுக்கும் கீழ கம்பி. 1.6 மிமீ மேடு, அதான் பட்டன் நடுவுல சின்னதா தெரியுற குறி, அதைத் தொட்டா ரோட்டுக்கும் ஆகாது டிராக்குக்கும் ஆகாது.

ஆனா புத்தம் புது டயரும் டிராக்குக்கு நல்லது இல்ல. 8 மிமீ உயரத்துல ஒவ்வொரு பட்டனும் கார்னர்ல ரப்பர் அழிப்பான் மாதிரி வளையும். வளைய வளைய சூடு, சூட்டுல ஓரம் பிஞ்சு துண்டு துண்டா வரும். காய்ஞ்ச தரைல பாதி தேஞ்ச டயர், 4–5 மிமீ, புதுசை விட நிதானமா இருக்கும். அதனால புது டயரை மாட்டி ரோட்டுல ஓட்டிப் பழக்கி, கொஞ்சம் தேய்ஞ்ச பிறகு டிராக்குக்குக் கொண்டு போங்க. ஐப்பசி, கார்த்திகைல டிராக் டே வந்தா கதை தலைகீழ்: தண்ணியைத் தள்ள ஆழமான பட்டன் வேணும்.

வாலாஜா · ஏப்ரல் 8, மதியம் 3:20

ரப்பரை எப்படிப் பார்க்கிறதுன்னு மேல சொல்லாம விட்டுட்டேன். பல டயர்ல பக்கச் சுவர்ல ட்ரெட்வேர்னு ஒரு எண் இருக்கும். 400-க்கு மேலன்னா ஆயுள் டயர், கல்லு மாதிரி உழைக்கும், சூட்டுல வழுக்கும். 300 பக்கம் ஸ்போர்ட்ஸ் டயர் (மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4-ல 320). 200-ம் அதுக்குக் கீழயும் டிராக்குக்குன்னே செய்யுற ரகம்: யோகோஹாமா ஏடி08ஆர் 180, ஹான்கூக் ஆர்எஸ்4 200, டோயோ ஆர்888ஆர் 100. இந்த எண்ணை அந்தந்த கம்பெனியே சோதிச்சுப் போடுறதால ஒரு கம்பெனி 300-ம் இன்னொரு கம்பெனி 300-ம் ஒண்ணு இல்ல. ஒரே கம்பெனிக்குள்ள ஒப்பிடத்தான் நம்பலாம்.

200 ரகத்துக்கு ஆசைப்படாதீங்க. 2020 ஜூன்ல டயர் இறக்குமதியை லைசென்ஸ் வேணும்னு கட்டுப்படுத்தினாங்க, அதுலேருந்து நம்ம சைஸ்ல அந்த ரகம் கைக்குக் கிடைக்கிறதே அபூர்வம். கிடைச்சா தேதியைப் பாருங்க. பக்கச் சுவர்ல டாட்-னு (DOT) ஆரம்பிக்கிற வரிசைல கடைசி நாலு எண்: 2318-னா 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். எவ்வளவு மெத்துனு செஞ்ச ரப்பரா இருந்தாலும் ஆறு வருஷம் குடோன் சூட்டுல கிடந்தா மரக்கட்டை.

பள்ளிகொண்டா · ஏப்ரல் 9, காலை 6:50

வேக எழுத்தையும் பாருங்க. ஹெச்னா 210 கிமீ வேகம், வி-னா 240. ஸ்விஃப்ட் அந்த வேகம் எங்க போகப் போகுதுன்னு கேட்காதீங்க, அந்த எழுத்து வேகத்தைவிட சூடு தாங்குறதைச் சொல்லுது. டிராக்குக்கு எஸ், டி எழுத்து வேண்டாம்.

காட்பாடிக்காரன் · ஏப்ரல் 10, இரவு 10:30

195/60 ஆர்15-க்கு மூணு கடை ஏறி இறங்கியாச்சு. ஆயுள் டயர்தான் இருக்கு. ஸ்போர்ட்ஸ் ரகம் அந்த சைஸ்ல யாருமே வெச்சிருக்கல.

குடியாத்தம் · ஏப்ரல் 11, காலை 8:15

இதைத்தான் எதிர்பார்த்தேன். காகிதத்துல சரியான சைஸ், கடைல இல்லாத சைஸ்.

16 இன்ச் யோசிங்க: 195/55 ஆர்16. 406.4 + 214.5 = 620.9 மிமீ. உங்க டயருக்கும் அதுக்கும் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். பலேனோ, சியாஸ், ஐ20, போலோ ஜிடி எல்லாத்துலயும் மேல் மாடலுக்கு வந்த சைஸ், அதனால நாலஞ்சு கம்பெனில நல்ல ரப்பர் கிடைக்கும். பலேனோவோட கம்பெனி 16 இன்ச் அலாய் ஸ்விஃப்ட்ல அப்படியே உட்காரும்: பிசிடி 4×100 (நாலு நட்டு ஓட்டை, அது இருக்கிற வட்டத்தோட விட்டம் 100 மிமீ), நடு ஓட்டை 54.1 மிமீ, ரெண்டுக்கும் ஒண்ணு. ஈடி அச்சை மட்டும் ஒப்பிட்டுக்குங்க.

புதுப்பேட்டைல பழைய செட் கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பேலன்சிங் மெஷின்ல வெறும் ரிம்மைச் சுத்தச் சொல்லி ஓரத்துல ஒரு ஸ்குரூடிரைவர் முனையைக் கிட்ட வெச்சுப் பாருங்க. இடைவெளி மூச்சு விடுற மாதிரி கூடிக் குறைஞ்சா ரிம் வளைஞ்சது. உள்பக்கம், ஆரக்கால் சேர்ற இடத்துல பெயின்ட் மட்டும் புதுசா இருந்தா வெல்டிங் வெச்சு மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். விட்டுட்டு வாங்க. வெல்டிங் வெச்ச அலாயை டிராக்குக்குக் கொண்டு போகவே கூடாது.

வாலாஜா · ஏப்ரல் 11, காலை 11:40

நல்ல வழி. ஆனா 195/55 ஆர்16 லோடு இண்டெக்ஸ் 87, 545 கிலோ. 85-க்கு என்னைப் பிடிச்சீங்களே?

குடியாத்தம் · ஏப்ரல் 11, மதியம் 12:30

மாட்டிக்கிட்டேன். கம்பெனி எண்ணுக்குக் கீழ இறங்கக் கூடாதுங்கிறது பாதுகாப்பான பழக்கம், இன்சூரன்ஸ்காரங்க முன்னாடியும் அதுதான் நிக்கும். உண்மையா பார்க்க வேண்டியது அச்சு பாரம். பலேனோவும் அதே அளவு வண்டி, 87-ல கம்பெனியே விட்டிருக்கு. ரெண்டு டயர் 1,090 கிலோ தாங்கும், ஸ்விஃப்ட்ல எந்த அச்சும் நிறை சுமைல அதைத் தொடாது. 85-ம் தாங்கியிருக்கும்தான். என் முதல் ஆட்சேபம் விட்டத்து மேல நிக்கட்டும்.

பள்ளிகொண்டா · ஏப்ரல் 11, இரவு 7:00

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால: நம்ம மோட்டார் பாலிசில ரேஸ், வேகச் சோதனை எல்லாம் விலக்குன்னு எழுதியே இருக்கும். டிராக்ல சுவத்துல சாத்தினா கைக்காசுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டி அமைப்பை மாத்துறதைப் பத்திப் பேசுது. 26 மிமீ ஃபெண்டருக்கு வெளிய நீட்டின 17-ஐ விட கம்பெனி 16-க்கு கேள்வி குறைவு.

வாலாஜா · ஏப்ரல் 12, காலை 9:10

மாட்டுறதுல நடக்கிற தப்பு. பழைய கம்பெனி ரிம் கிடைக்காம வெளி அலாய் வாங்கினாதான் இதுல பாதி.

நடு ஓட்டை: வெளி அலாய் பலதுல 73.1 மிமீ. ஸ்விஃப்ட் ஹப் 54.1. நடுவுல வளையம் போடாம மாட்டினா சக்கரம் நட்டை நம்பி மட்டும் நிக்கும், 90-ல ஸ்டீயரிங் நடுங்கும், ஊர்ல இருக்கிற எல்லா பேலன்சிங் கடைக்கும் போய் வருவீங்க. வளையம் அலுமினியத்துல வாங்குங்க. பிளாஸ்டிக் வளையம் டிராக்ல பிரேக் சூட்டுக்கு இளகிடும்.

நட்டு: மாருதி எம்12×1.25. கடைல கொட்டிக் கிடக்கிறது எம்12×1.5, ஹோண்டா, டொயோட்டாவுக்கு. ரெண்டு சுத்து கையில ஏறும், அப்புறம் இறுகும். அங்கதான் பையன் ஏர் கன்னை வெச்சு அடிப்பான், ஸ்டட் (நட்டு ஏறுற தண்டு) மரை போயிடும். முதல் அஞ்சு சுத்து கையாலயே ஏறணும், ஏறலன்னா நிறுத்துங்க. நட்டோட உட்காரும் முகமும் ரிம்மோட குழியும் ஒரே வடிவமா இருக்கணும். போலோக்காரங்களுக்கு: கம்பெனி போல்ட் உருண்டை முகம், வெளி அலாய் பெரும்பாலும் கூம்பு. மாத்தி மாட்டினா ஒரு கோட்டுல மட்டும் தொடும், ஓட ஓட தளரும்.

கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பானர்), கையேட்டுல இருக்கிற அளவுக்கு (போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர்). 50 கிலோமீட்டர் ஓட்டி ஒரு தடவை, டிராக்ல ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் சக்கரம் ஆறினதும் ஒரு தடவை பாருங்க. கொதிக்கும்போது இறுக்காதீங்க.

உள்ள ஒட்டுற பேலன்ஸ் ஈயம் சூட்டுக்குப் பிடியை விடும். ஒட்டுற இடத்தை முதல்ல பெட்ரோல் துணியால துடைக்கச் சொல்லுங்க, மேல அலுமினிய டேப் ஒரு சுத்து.

காட்பாடிக்காரன் · ஏப்ரல் 13, இரவு 9:15

காத்து எவ்ளோ வெக்கணும்? டிராக்ல 28-ன்னு எல்லாரும் சொல்றாங்க.

வாலாஜா · ஏப்ரல் 13, இரவு 10:00

சூடாகும்போது ஏறும், அதனால குறைச்சு ஆரம்பிக்கிறாங்க. 30 டிகிரில 28 பிஎஸ்ஐ வெச்சா உள்காத்து 75 டிகிரி வரும்போது 34 ஆகும். 32 வெச்சா 39 ஆகும். அதனால 28 சரியா வரும்.

குடியாத்தம் · ஏப்ரல் 14, காலை 6:30

கணக்கு சரி, முடிவு தப்பு. புத்தாண்டு அன்னிக்கே சண்டை.

28 சொல்றவங்க கெட்டியான சுவர் இருக்கிற டிராக் டயரை வெச்சு சொல்றாங்க. ரோடு டயர் சுவர் மெத்துனு. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, மூக்குல எஞ்சின், 28-ல ஆரம்பிச்சா முதல் ரெண்டு சுத்துல முன் டயர் பட்டனை விட்டு சுவர்லயே ஓடும். 32, 33-ல ஆரம்பிங்க. சூட்டுல முன்னாடி 37, 38 இருக்கட்டும்.

அதுக்கும் மேல நம்ப வேண்டியது சாக்பீஸ். டயர் தோள்ல, அதான் பட்டனும் சுவரும் சேர்ற இடத்துல, சின்ன முக்கோணக் குறி இருக்கும். பட்டன் ஓரத்துலேருந்து அந்த முக்கோணத்தைத் தாண்டி சுவர் வரைக்கும் சாக்பீஸால குறுக்கே ஒரு கோடு, டயருக்கு மூணு இடத்துல. நாலு சுத்து ஓட்டிட்டு வந்து பாருங்க. முக்கோணத்தோட முனை வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து சரி. அதுக்குக் கீழயும் அழிஞ்சிருந்தா டயர் உருளுது, 2 பிஎஸ்ஐ ஏத்துங்க. முனைக்கு ஒரு விரல் மேலயே கோடு நின்னா காத்து ஜாஸ்தி, 1 குறைங்க.

வலது திருப்பம் அதிகம் இருக்கிற தடத்துல இடது முன் டயர்தான் எல்லாத்தையும் சுமக்கும். அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

வாலாஜா · ஏப்ரல் 14, காலை 8:00

ஒத்துக்கிறேன், 28 எனக்கு பழைய ஞாபகம். 60, 55 சுவர் டயருக்கு அது ஆகாது.

ஒரு நுணுக்கம்: வேலூர்லேருந்து ஓட்டிப் போய் இறங்கும்போதே டயர் சூடு. அங்க போய் அளந்து 36-ன்னு பார்த்து 32-க்கு இறக்கிடாதீங்க, ஆறினதும் 28 பக்கம் வந்துடும். குளிர் அளவை விடிகாலைல வீட்டு வாசல்லயே வெச்சுட்டுக் கிளம்புங்க. அங்க சூட்டு அளவை மட்டும் பாருங்க. காத்து இறக்கி ஓட்டியிருந்தா சாயங்காலம் டயர் ஆறினதும் கதவுல ஒட்டியிருக்கிற அளவுக்கு திரும்ப ஏத்தாம ஹைவேல ஏறாதீங்க. சித்திரை வெயில், குறைஞ்ச காத்து, 100 கிலோமீட்டர், டயர் வெடிக்க இது போதும். லைட்டர் சாக்கெட்ல சொருகுற சின்ன கம்ப்ரஸரும் சொந்தமா ஒரு கேஜும் வண்டில இருக்கட்டும். பஞ்சர் கடை கேஜ் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கதை சொல்லும்.

சத்துவாச்சாரி · ஏப்ரல் 14, காலை 9:25

நைட்ரஜன் போட்டா இந்த தொல்லையே இல்லன்றாங்களே ணா?

வாலாஜா · ஏப்ரல் 14, காலை 9:50

காத்துல ஏற்கனவே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் ஏறும். வித்தியாசம் ஈரம். டேங்க்ல தேங்கின தண்ணியை வாரக்கணக்கா திறந்து விடாத கம்ப்ரஸர்ல காத்து பிடிச்சா உள்ள ஈரம் போகும், அது ஆவியாகி அளவு கன்னாபின்னானு ஏறும். காய்ஞ்ச காத்து கிடைச்சா போதும், நைட்ரஜன்னு காட்டப் போடுற பச்சை மூடிக்குத் தனி காசு வேண்டாம்.

பள்ளிகொண்டா · ஏப்ரல் 15, மதியம் 1:00

டயரைப் பேசிப் பேசி பிரேக் ஆயிலை மறந்துட்டீங்க. நல்ல டயர் போட்டா பிரேக்கை இன்னும் லேட்டா, இன்னும் அழுத்தி மிதிப்பீங்க, சூடு அங்க போகும். டாட் 4 ஆயில் புதுசா 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துட்டா 155-லயே கொதிக்கும். ரெண்டு வருஷ ஆயிலோட போனா மூணாவது சுத்துல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். டயர் காசுல இருபதுல ஒரு பங்கு செலவு.

ஓட்டம் முடிஞ்சதும் ஒரு சுத்து மெதுவா வந்து ஆறவிடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் வேண்டாம், கல்லு வையுங்க.

காட்பாடிக்காரன் · ஏப்ரல் 19, இரவு 8:45

பலேனோ 16 செட் கிடைச்சது. நாலுல ஒண்ணு ஸ்குரூடிரைவர் டெஸ்ட்ல லேசா மூச்சு விடுது. 195/55-ல 300 ரகம் ரப்பர் சொல்லியாச்சு. அலைன்மென்ட் என்ன கேட்கணும்?

குடியாத்தம் · ஏப்ரல் 19, இரவு 9:30

மூச்சு விடுறதை மாத்திக் கேளுங்க, கொடுக்கலன்னா அதைப் பின்பக்கம்கூடப் போடாதீங்க. மூணுக்குத்தான் காசு.

முன்னாடி டோ (மேலேருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) பூஜ்யம், ரெண்டு பக்கமும் ஒண்ணா. கேம்பர், அதான் முன்னாடி நின்னு பார்த்தா சக்கரத்தோட சாய்வு, ஸ்விஃப்ட்ல கம்பெனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. கேம்பர் போல்ட் போட்டா ஒரு டிகிரி பக்கம் உள்ள சாய்க்கலாம். அப்ப தோள் தேய்மானம் குறையும். ஆனா வருஷத்துக்கு ரெண்டு நாளுக்காக மீதி 363 நாள் உள்விளிம்பைத் தேய்க்கிறதா? விட்டுடுங்க. டிராக் முடிஞ்சு வந்ததும் இடது முன்னதை வலது பின்னுக்கு மாத்துங்க, அது போதும். திசை அம்புக்குறி போட்ட டயர்னா குறுக்கே மாத்தக் கூடாது, அதே பக்கத்துலதான் முன்ன பின்ன.

காட்பாடிக்காரன் · ஏப்ரல் 20, காலை 7:20

கடைசியா ஒண்ணு. ஸ்டெப்னி 14 இன்ச் ஸ்டீல், 165/80. 16-ஓட அது போகுமா?

வாலாஜா · ஏப்ரல் 20, காலை 7:55

165/80 ஆர்14 = 355.6 + 264 = 619.6 மிமீ. உங்க புது செட் 620.9. உயரம் ஒண்ணுதான், வீடு வந்து சேரலாம். முன்னாடி பஞ்சர் ஆனா பின்சக்கரத்தை முன்னுக்குக் கொண்டு வந்து ஸ்டெப்னியைப் பின்னாடி போடுங்க. வெளி அலாய்க்குத் தனி நட்டு வாங்கியிருந்தா ஸ்டெப்னிக்கு கம்பெனி நட்டு நாலு டிக்கில கிடக்கட்டும். டிராக்ல இறங்கும்போது ஸ்டெப்னி, ஜாக்கி ரெண்டையும் வெளிய எடுத்து வையுங்க. திரும்பும்போது ஏத்த மறக்காதீங்க.